விமானந்தாங்கியின் இடது பக்கம்

புதிதாக வேலைக்கு வரும் பைலட்டுகளுக்குப் பயன்படும், நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மூன்று வாரமாக எழுதுகிறேன். ஒரு பத்தி முடிந்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறேன். அங்கிருந்து கடல் தெரியும். கப்பல் ஏதாவது வந்தால் அதைத் தள்ளவும் இழுக்கவும் வரும் சிறு படகு, டக், அதன் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தோன்றும். பார்த்துவிட்டு வந்தால் எழுதியது பிடிக்காது, கிழித்துவிடுவேன். என் மனைவி காப்பியை இரண்டு தடவை சூடாக்கிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை, ஒன்று எழுது, இல்லை கடலைப் பார், இரண்டில் ஒன்றைச் செய் என்று சொல்லிவிட்டாள்.

வெளியாட்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் வானத்தில் பறக்கும் பைலட்டுகள் இல்லை. பினாங்குக்கு வரும் கப்பல்களில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, அவற்றைத் துறைக்குள் கொண்டுவந்து கரையோடு கட்டுகிறவர்கள். ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட் பிள்ளைகளுக்கு இது புரியவே இல்லை. நான் விமானந்தாங்கிக் கப்பலில் ஏறிவிட்டு வந்தேன் என்று கேள்விப்பட்டதும், அங்கிள் எத்தனை பிளேன் ஓட்டினீங்க என்று கேட்டார்கள். ஒன்றுகூடப் பறந்து நான் பார்த்ததில்லை. மேல்தளத்தில் சிறகை மடக்கி வைத்த நாலைந்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்தக் கப்பலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெருமைக்காக இல்லை. அந்த ஒரு நாளால், இன்றைக்கு உங்கள் கூடப் பைலட்டாக இருந்திருக்க வேண்டிய ஒரு மனிதர் இன்னும் டக்கிலேயே இருக்கிறார். அதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரை சொல்லாமலே எழுதி முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எந்த நாட்டுக் கப்பல் என்பது உங்களுக்குத் தேவையில்லை. நல்லெண்ணப் பயணமாக வந்தது, பயணிகள் கப்பல்கள் வந்து சேரும் துறையில் நான்கு நாள் நிற்க வேண்டும். உலகத்திலேயே பெரியது என்றெல்லாம் சொல்ல முடியாது, நடுத்தர அளவு. அதற்கே கரையில் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தூக்கம் சரியில்லை. படங்களையும் அளவுகளையும் அனுப்பியிருந்தார்கள். பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது. இந்தக் கப்பலில் எல்லாமே விமானத்துக்காகச் செய்தது. அதைத் துறையில் கொண்டுவந்து கட்டுகிறவனைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

மேல்தளம் முழுக்க ஓடுபாதை. ஓடுபாதையின் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்பதால் கப்பலை நடத்தும் மேலறையான பிரிட்ஜ், புகைபோக்கி, ராடார் எல்லாவற்றையும் ஒரே கட்டடமாக்கி வலது ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்கள். நாம் ஏறும் சரக்குக் கப்பல்களில் பிரிட்ஜ் நடுவில் இருக்கும். இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்தால் இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் பார்த்துவிடலாம். இதில் வலது பக்கத் தண்ணீர் காலடியில் தெரிகிறது. இடது பக்கத்தில் தண்ணீரே தெரியாது. ஒரு கால்பந்துத் திடலின் ஓரத்தில் நின்றுகொண்டு, எதிர் ஓரத்துக்குக் கீழே இருக்கும் சாக்கடையில் என்ன மிதக்கிறது என்று கேட்டால் எப்படியோ அப்படி.

முன்பக்கம் இன்னும் மோசம். குறைந்த தூரம் ஓடியே விமானம் எழும்ப வேண்டும் என்பதற்காக மேல்தளத்தின் நுனியைச் சறுக்குமரம் மாதிரி மேலே வளைத்திருந்தார்கள். விமானத்துக்கு அது நல்லது. நமக்கு, கப்பலின் மூக்குக்கு முன்னால் வெகுதூரம் வரை கடலே கிடையாது. போதாததற்கு மேல்தளம் கப்பலின் உடம்பைவிட அகலம். குடை மாதிரி இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே டக் போய் நின்றால் பிரிட்ஜிலிருந்து டக்கின் கொடிக்கம்பம்கூடத் தெரியாது. அந்த நீட்டல் துறையில் இருக்கும் எதன் மேலும் இடித்துவிடக் கூடாது என்பதால், கப்பலுக்கும் துறைக்கும் நடுவே மிதவைகளை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

நடுக்கடலில் அதன் வேலையே வேறு. விமானம் எழும்பக் காற்று போதவில்லை என்றால் காற்றை எதிர்த்து வேகமாக ஓடி, தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அடிவானத்துக்கு அப்பால் இருப்பதைப் பார்க்க விமானத்தை அனுப்பும். அப்படிப்பட்ட கப்பல் துறைக்குள் வந்தால் பக்கவாட்டில் நகர டக் தள்ள வேண்டும். அதன் இடுப்பில் எந்த இடத்தில் தள்ளலாம் என்று வெள்ளைப் பெயிண்டில் குறி போட்டிருந்தது. அதைவிட்டு ஒரு கை தள்ளித் தள்ளினால் தகடு உள்ளே போய்விடுமாம்.

இப்போது சவரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவரிமுத்து டக் மாஸ்டர், டக்கை ஓட்டுகிறவர். என்னைவிட எட்டு வயது இளையவர். குடும்பம் தாசேக் கெலுகோரில். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வேலைக்கு வருவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் அண்ணே என்று தொடங்குவார். அந்த வருஷம் அவர் பைலட் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். தன் மனைவி அதற்காகச் செயின்ட் ஆன் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வெட்கப்பட்டார்.

நம் துறையில் ஒரு பழக்கம் உண்டு, எந்தப் புத்தகத்திலும் இருக்காது. பைலட் ஆர்டர் கொடுத்தால் டக் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தள்ளு என்றால் தள்ளு. அது சட்டம். ஆனால் டக் மாஸ்டர் அதையே இரண்டு முறை திருப்பிச் சொன்னால், 'யோசித்துத்தான் சொல்கிறீர்களா, எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை, கொஞ்சம் பொறுங்கள்' என்று அர்த்தம். வாக்கி-டாக்கியில் கேப்டன் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் முன்னால் பைலட்டை மறுத்துப் பேசினால் பைலட்டின் மரியாதை போய்விடும். அதற்காக யாரோ பழைய ஆட்கள் கண்டுபிடித்த வழி. வருஷத்தில் ஒன்றிரண்டு முறைதான் கேட்கும். கேட்டால் காது கூசும்.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் டக் மாஸ்டர்களைக் கூட்டி வைத்துப் பேசினேன். கடற்படைக்காரர்கள் எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள், கண்டபடி பேசாதீர்கள், மலாய் வேண்டாம், தமிழ் வேண்டாம், ஆர்டரை ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது என்றேன். பாதுகாப்புக்காகச் சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில், வெளிநாட்டுக்காரன் முன்னால் நாம் பசார், சந்தைக்கடை மாதிரித் தெரியக் கூடாது என்ற வீம்பு. சவரி கையைத் தூக்கி, ஏதாவது அவசரம் என்றால் என்று கேட்டார். அவசரம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் நான் இருக்கிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை கப்பல் வடக்கிலிருந்து வந்தது. தலை தெற்கு நோக்கி, வலது பக்கத்தைத் துறையில் கட்ட வேண்டும். நீர் வற்றும் நேரம், நீரோட்டம் நேர் எதிரே வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் முன்னால் சவரியின் டக், பின்னால் இன்னொரு டக். இரண்டும் அந்தக் குடைக்குக் கீழே போனதும் என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. போலீஸ் படகுகள் வழியைச் சுத்தமாக்கி வைத்திருந்தன. பிரிட்ஜில் பத்துப் பேருக்கு மேல் இருந்தும் கோயிலுக்குள் நிற்பது மாதிரி அமைதி. எனக்கு அந்த அமைதி ஆகவில்லை. வலது ஓரத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன்.

துறைக்கும் கப்பலுக்கும் இடையே முப்பது மீட்டர் இருக்கும்போது முன்பக்கம் மெல்ல விலகத் தொடங்கியது. கப்பலின் மூக்குக்கும் துறைக்கும் நடுவே நீரோட்டம் புகுந்துவிட்டது. இது எதிர்பார்த்ததுதான், முன் டக் தள்ளினால் சரியாகிவிடும். சவரிக்குத் தள்ளச் சொன்னேன். அவர் குரல் வந்தது. தள்ளு. ஒரு மூச்சு விட்டு, மறுபடியும், தள்ளு.

கப்பல் துறைப் பக்கம் நகரவில்லை.

காதில் விழுந்தது. அர்த்தமும் தெரிந்தது. ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? நேற்றுச் சொன்னது மறந்துவிட்டதா இவருக்கு, பதிவாகிறது என்று சொன்னேனே என்றுதான் முதலில் எரிச்சல் வந்தது. குரலை உயர்த்தி மறுபடியும் அதே ஆர்டரைக் கொடுத்தேன். இரண்டு ஆர்டருக்கும் நடுவே எத்தனை நொடி என்பது பதிவில் இருக்கிறது. அந்த நொடிகளைப் பற்றி நான் யோசிக்காத நாள் இல்லை.

சவரி மறுபடியும் இரண்டு முறை சொன்னார். இந்தத் தடவை குரல் மெதுவாக இருந்தது. தள்ளு. தள்ளு.

கேப்டன் என் பக்கம் திரும்பி, உங்கள் டக் ஏன் தள்ளவில்லை என்று கேட்டார். கோபம் இல்லை, தகவல் கேட்கிற குரல். முன்பக்கம் இன்னும் விலகுகிறது. முன்பக்கம் வெளியே போனால் பின்பக்கம் உள்ளே வரும். பின்பக்கத்து மேல்தள நீட்டல் துறையின் விளக்குக் கம்பங்களை நோக்கி வந்துகொண்டிருப்பதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். மூன்றாவது தடவை கத்தித் தள்ள வைக்கலாம். இல்லை என்றால் கட்டுவதையே கைவிட்டு வெளியே போகலாம். கூட்டம் பார்க்கிறது, துறையில் பள்ளிப் பிள்ளைகளின் வாத்திய இசை வேறு கேட்கிறது. வெளியே போவதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை, ஒரு மனிதர் ஒரு வார்த்தையை இரண்டு முறை சொன்னார் என்பதைத் தவிர.

கட்டுவதை நிறுத்துங்கள், இன்ஜினைப் பின்னோக்கி வையுங்கள் என்றேன். பின் டக்கை இழுக்கச் சொன்னேன். காரணம் என்ன பைலட் என்று கேப்டன் கேட்டார். இன்னும் எனக்குத் தெரியாது என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு உத்தரவு கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், காரணம் தெரியாதவன் பேச்சைக் கேட்பது எளிதில்லை.

அதற்குப் பிறகுதான் வாக்கி-டாக்கியில் தமிழ் வந்தது.

"அண்ணே, நடுவுல ஆள் இருக்கு. சம்பான்லா. கயிறு போட்டுட்டோம், இன்னும் மேல ஏத்தல. தள்ளச் சொல்லாதீங்க."

நடந்தது இதுதான். மீனவர் ஒருவரின் சிறு படகு, சம்பான், இன்ஜின் நின்றுபோய் நீரோட்டத்தோடு தெற்கிலிருந்து வந்திருக்கிறது. நங்கூரமிட்டிருந்த தோணிகளுக்குப் பின்னாலிருந்து வந்ததால் போலீஸ் பார்க்கவில்லை. வளைந்த முன்தளம் மறைத்ததால் நாங்களும் பார்க்கவில்லை. கப்பலின் இடது பக்கக் காவலாள் பார்த்துவிட்டார், ஆனால் அவர் சொன்னது மூன்று பேர் வாய் வழியாக பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சம்பான் நேராகச் சவரியின் டக்கின் மூக்குக்குக் கீழே போய், கப்பலுக்கும் டக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டக்கின் மூக்குக்குக் கீழே சவரிக்கும் தெரியாது. ஏதோ உள்ளே போனதை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தார். ஆளா, மரக்கட்டையா என்று தெரியவில்லை. டெக்கில் இருந்த இந்தோனேசியத் தொழிலாளியை முன்னால் ஓடிப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் திரும்பிக் கத்தும் வரை எனக்கு இரண்டு இரண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலின் மூக்கு அவர் பக்கமே வந்துகொண்டிருந்ததால், அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி அந்த இடைவெளியைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தார்.

மீனவர் டக்கின் பக்கத்தில் தொங்கும் டயர்களைப் பிடித்து ஏறிவிட்டார். சம்பான் நசுங்கியது. துறையில் இரண்டு விளக்குக் கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தின் அடியில் யாரும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கப்பலைத் திரும்பக் கொண்டுவந்து கட்டினோம். வாத்திய இசை திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது.

கம்பம் சாய்ந்தால் விசாரணை உண்டு. ஒரு குளிரூட்டிய அறை, மூன்று பேர், பதிவுக் கருவி. முதல் ஆர்டருக்கும் டக் தள்ளாமல் நின்றதற்கும் விளக்கம் கேட்டார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அவர் எங்கள் பழக்கப்படி எச்சரித்தார், எனக்கு முதல் தடவையே புரிந்தது, இருந்தும் மறுபடியும் தள்ளச் சொன்னேன், வேறு பேச்சுப் பேசக் கூடாது என்று அவர் வாயை அடைத்ததும் நான்தான். நாலு வாக்கியம். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

டக் தாமதிப்பதைப் பார்த்து ஏதோ தவறு என்று ஊகித்தேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த வசதி. ஆர்டரை அவர் ஏன் இரண்டு முறை சொன்னார் என்று கேட்டார்கள். வாக்கி-டாக்கி தெளிவாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்றேன். அது பொய்.

அறிக்கை வந்தது. பைலட்டின் சமயோசிதமான முடிவு ஓர் உயிரைக் காத்தது என்று எழுதியிருந்தார்கள். டக் மாஸ்டர் ஆர்டரை நிறைவேற்றத் தாமதித்தார், காரணத்தை உடனே தெரிவிக்கவில்லை, அனுமதியில்லாத மொழியில் பேசினார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். எச்சரிக்கைக் கடிதம் உள்ளவருக்கு அந்த வருஷம் பயிற்சியில் இடம் கிடையாது. அடுத்த வருஷம் அவருக்கு வயது தாண்டிவிட்டது. எனக்கு ஒரு விருந்தும் கண்ணாடிப் பெட்டியில் அந்தக் கப்பலின் சிறு மாதிரியும் கொடுத்தார்கள். அதில்கூட பிரிட்ஜ் வலது ஓரத்தில்தான் இருக்கிறது.

கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். சவரி கேட்கவே இல்லை. வேலைக்கு வந்தார், போனார். அண்ணே என்பது மட்டும் பைலட் ஆகிவிட்டது. சரிங்க பைலட். முடிஞ்சது பைலட். பிறகு இன்னொன்றும் புரிந்தது. என் ஆர்டர் எதையும் அவர் இரண்டு முறை சொல்வதில்லை. என் ஆர்டர்கள் எல்லாம் சரியாக இருந்ததாலா என்று முதலில் நினைத்துப் பார்த்தேன். ஆறு வருஷம். அத்தனை வருஷம் ஒரு பைலட் ஒரு தடவைகூடச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் ஆர்டர் கொடுப்பானா? மற்றப் பைலட்டுகளைக் கேட்டேன். அவர்களிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். போன மாதம்கூட ஒரு கன்டெய்னர் கப்பலில் என்றார்கள்.

அதற்குப் பிறகு பிரிட்ஜில் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு ஆர்டரையும் கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு குரல் வரும், அதற்குப் பின் வெறும் இரைச்சல். இது சரியான ஆர்டர், அதனால் ஒரு முறையா, தப்பான ஆர்டர், இருந்தும் ஒரு முறையா? தெரியாது. அந்தக் கப்பலின் பிரிட்ஜில் நின்றபோது இடது பக்கம் ஒரு காலைப் பொழுது மட்டும்தான் தெரியாமல் இருந்தது. பிறகு எல்லாக் கப்பலிலும் அப்படியே ஆகிவிட்டது.

ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். நீங்கள் செய்தால் உரிமத்தைப் பிடுங்க வேண்டும் என்று நானே சொல்வேன். காற்றில்லாத காலை, சுற்றிலும் ஒரு படகு இல்லை, காலிக் கப்பல், இடம் தாராளம். சவரியின் டக் கயிறு கட்டி நிற்கிறது. வேண்டுமென்றே தப்பான பக்கம் இழுக்கச் சொன்னேன். புது ஆளுக்குக்கூடத் தெரியும் அது தப்பு என்று.

ஒரே ஒரு முறை திருப்பிச் சொன்னார். டக் திரும்பி, கயிறு இறுகி, தப்பான பக்கம் இழுக்கத் தொடங்கியது. நிறுத்து என்றேன். நிறுத்து என்றார், ஒரு முறை.

கப்பலைக் கட்டிவிட்டு டக்குகள் நிற்கும் இடத்துக்கு நடந்தே போனேன். அவர் டெக்கில் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலிருந்தே, தப்பு என்று தெரிந்தும் ஏன் ஒரு முறை சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு நான் ரெண்டு தடவ ரெண்டு தடவையா சொன்னேன், பைலட். அந்த ரூம்ல நீங்க ஒரு தடவகூட சொல்லலியே."

மறுபடியும் குனிந்து கயிற்றை எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. அவருக்கு அது எதற்கு உதவும் என்று தெரியாமல் திரும்பி நடந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த நாலு வாக்கியத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கோப்பு மூடப்பட்டது என்று பதில் வந்தது. கடிதத்தின் நகல் ஒன்று சவரிக்கும் போயிருக்கிறது. இந்த நாலு பக்கத்தில் உங்களுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். புதுக் கப்பல்கள் வரும், அவற்றில் கேமராவும் திரையும் வைத்து எல்லாப் பக்கமும் தெரிகிறது என்பார்கள். இருக்கட்டும். தெரியாத பக்கத்தில் நிற்கும் மனிதருக்கு உங்களை எச்சரிக்கலாம் என்று தோன்ற வேண்டும். எச்சரித்ததற்காக அவர் கஷ்டப்படும்போது நீங்கள் வாய் திறக்க வேண்டும். எனக்கு இவ்வளவுதான் தெரியும், அதையும் செய்யாமல் கற்றுக்கொண்டது.

சவரி அடுத்த வருஷம்தான் ஓய்வு பெறுகிறார். நாளைக்கோ மறுநாளோ உங்களில் யாராவது ஒருவர் அவருக்கு ஆர்டர் கொடுப்பீர்கள். அவர் எத்தனை முறை திருப்பிச் சொன்னார் என்று எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் எப்படியும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.